மவுத் ஓர்கனைத் திறந்து சுத்தம் செய்வது எப்படி: வன்னிப் புழுதிக்கும் மாரி ஈரத்துக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

மல்லாவியில் என் வீட்டு அலுமாரியில் ஒரு பெரிய விசுக்கோத்து ரின் இருக்கிறது. அதற்குள் ஒன்பது மவுத் ஓர்கன்கள். அவற்றில் ஆறு, "இது பழுதாய்ப் போச்சு, வேணுமெண்டால் வைச்சிருங்கோ" என்று சொல்லி மற்றவர்கள் தந்துவிட்டுப் போனவை. திறந்து பார்த்தபோது ஒன்றில் மட்டும்தான் நாக்கு உண்மையாகவே முறிந்திருந்தது. மற்ற ஐந்திலும் செம்மண் புழுதி, காய்ந்த எச்சில், பச்சைக் களிம்பு. ஒன்றில் குளவி மண் வைத்து நான்கு துளைகளை அடைத்திருந்தது. ஐந்தும் இப்போது பாடுகின்றன.

எங்கள் பக்கம் போன் திருத்த ஆள் உண்டு, தண்ணீர் மோட்டர் திருத்த ஆள் உண்டு. மவுத் ஓர்கன் திருத்த என்று ஒரு கடையை நான் கண்டதில்லை. அதனால் ஒரு சுரம் நின்றால் அதோடு வாத்தியம் முடிந்தது என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட வேண்டியதில்லை. ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரும் ஒரு பின்னேரப் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலேயே சரி செய்யலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

கை வைக்க முதல் இதைப் புரிந்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு சட்டம் இருக்கும். பல் பலாய் இருப்பதால் அதற்குப் பெயரே சீப்பு. மரத்திலோ பிளாஸ்ரிக்கிலோ செய்திருப்பார்கள். சீப்புக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு, கீழே ஒரு பித்தளைத் தகடு. இவற்றுக்கு வெளியே நாம் கையால் பிடிக்கும் மினுங்கும் மூடிகள் இரண்டு.

பித்தளைத் தகட்டில் நீளமான வெட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் மேலே ஒரு மெல்லிய நாக்கு. அதைத்தான் ரீட் என்கிறோம். நாக்கின் ஒரு முனை ரிவெற் அடித்து இறுக்கப்பட்டிருக்கும், மற்ற முனை ஒன்றிலும் ஒட்டாமல் நிற்கும். காற்றுப் போகும்போது அது வெட்டுக்குள் இறங்கி ஏறித் துடிக்கும். சத்தம் பிறப்பது அங்கேதான். நாக்கின் பக்கத்துக்கும் வெட்டின் விளிம்புக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான் வெளி. காற்சட்டைப் பையில் இருந்து ஒரு பஞ்சு நூல் போய் அங்கே சிக்கினாலே அந்தச் சுரம் நின்றுவிடும். உள்ளே எதற்கும் பலம் பாவிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். எங்கள் ஊர்களில் கூடுதலாக இருப்பது ஸ்வான், டவர் போன்ற சீனத் தயாரிப்பு, 24 துளை ட்ரெமலோ. 24 என்று சொன்னாலும் மேல்வரிசை, கீழ்வரிசை என்று 48 அறைகள், அறைக்கு ஒரு நாக்கு. ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்குகள், சுருதியில் மிகச் சின்ன வித்தியாசத்தோடு. அந்த அலையடிக்கும் இனிமை இதனால்தான் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அனுப்பியது என்றால் அனேகமாகப் பத்துத் துளை, 20 நாக்கு. பக்கத்தில் அழுத்தும் பொத்தான் இருந்தால் அது குரோமற்றிக். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது

இதைச் சரியாகச் செய்தால் திறக்கும் வேலை பாதியாகக் குறையும். வாசிக்க முதல் வாயைக் கொப்பளியுங்கள். சீனி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு அப்படியே எடுத்து ஊதினால், அந்தச் சீனி எச்சிலோடு போய் நாக்கில் படிந்து காயும். பிறகு அந்த இனிப்புக்கு எறும்பு வரும். வெற்றிலை போடுபவர்கள் வாயை இரண்டு மூன்று தரம் நன்றாகக் கழுவ வேண்டும். பாக்குத் தூள் அடைத்த நாக்குகளை நான் நிறையத் துப்புரவாக்கியிருக்கிறேன்.

மார்கழி, தை மாதக் காலைகளில் வாத்தியம் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த பித்தளையில் சூடான மூச்சுப் பட்டதும் உள்ளே நீர் கோர்க்கும். ஊத முதல் இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். பலர் எச்சில் என்று நினைப்பதில் பெரும் பகுதி இந்த மூச்சு ஈரம்தான்.

வாசித்து முடிந்ததும் துளைகள் கீழே பார்க்கப் பிடித்து, உள்ளங்கையில் ஐந்தாறு தரம் தட்டுங்கள். நீர் தெறித்து வரும். மேசை விளிம்பில் அடிக்க வேண்டாம். பிறகு பழைய பருத்தித் துணியால் வெளியே துடைத்து, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் காற்றாட வைத்து, அதன் பின்புதான் பெட்டியை மூடுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டிக்குள்தான் களிம்பு பிடிக்கிறது.

எந்தத் தண்ணீர்

வேறு ஊரில் இருப்பவர் எழுதினால் இந்தப் பகுதி இருக்காது. எங்களுக்கு இது முக்கியம். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி. நான் முதன்முதல் திறந்து கழுவிய வாத்தியத்தைக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினேன். கழுவியபோது பளிச்சென்று இருந்தது. காய்ந்த பிறகு நாக்குகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டு, மூன்று சுரம் கரகரத்தது. திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வந்தது.

மாரியில் பிடித்து மூடி வைத்த சுத்தமான மழைத் தண்ணீர் இதற்கு நல்லது. இல்லையென்றால் குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீர். இரண்டும் கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்தது கலங்காமல் மேலால் வடித்தெடுங்கள். கல் முழுதாகப் போகாது, ஆனாலும் நிறையக் குறையும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு விளக்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. மவுத் ஓர்கனும் பித்தளைதானே என்று பழப்புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும். பித்தளை மினுங்கும், உண்மைதான். ஆனால் புளியின் சக்கை வெட்டுக்குள் போய் இறுகும், மிஞ்சும் அமிலம் மெல்லிய நாக்கை மெல்ல மெல்ல அரிக்கும், தேய்க்கும் கை நாக்கை வளைக்கும். மூடிகளை வேண்டுமானால் அப்படி விளக்குங்கள். நாக்குகள் மினுங்கத் தேவையில்லை. மங்கிய பழுப்பு நிறம் சுருதியை ஒன்றும் செய்யாது.

திறந்து சுத்தம் செய்தல்

தொடர்ந்து வாசிப்பவர் வருடத்தில் இரண்டு தரம் திறந்தால் போதும். நான் செய்வது புரட்டாதியில் ஒருக்கால், மாசியில் ஒருக்கால். முதலாவது, சோளகக் காற்று அள்ளி வந்த புழுதியை எடுக்க. மற்றது, மாரி ஈரம் விட்டுப்போன களிம்பை எடுக்க. ஆவணியில் மடுத் திருவிழாவுக்குக் கொண்டுபோய் மரத்தடியில் பாளையம் அடித்து வாசித்திருந்தால், வந்த உடனே திறந்து பாருங்கள். அங்கே உள்ள புழுதி எதற்குள்ளும் போகும்.

தேவையானவை: போன் திருத்துபவர்கள் வைத்திருக்கும் சின்ன ஸ்குரூ டிரைவர் செற், மென்மையான பழைய பல்துலக்கி, தென்னோலை ஈர்க்கு இரண்டு மூன்று, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட் கொஞ்சம், ஒரு வெள்ளைத் துணி, ஒரு சுளகு. சுளகு எதற்கு என்றால், அதில் துணியை விரித்து அதற்கு மேலேதான் வேலை. இதில் இருக்கும் ஸ்குரூ ஒரு மிளகளவுகூட இருக்காது. சீமெந்து நிலத்தில் விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது. மின்விசிறியையும் நிற்பாட்டிவிடுங்கள்.

முதலில் போனால் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி மூடிகளை எடுத்து வையுங்கள். மேல்மூடி எது, கீழ்மூடி எது என்று உட்பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள். மூடிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடலாம், அவற்றுக்கு வேறு கவனம் வேண்டாம்.

இந்த இடத்தில் நின்று, திறந்த தகடுகளை ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். பத்துத் துளை வாத்தியத்தில் கீழ்த்தகட்டில் உள்ள நாக்குகள் வெளியே தெரியும். அவை இழுக்கும் சுரங்கள். மேல்தகட்டில் வெட்டுகள் மட்டும் தெரியும். ஊதும் நாக்குகள் உட்பக்கம், சீப்பு அறைக்குள் இருக்கின்றன. ட்ரெமலோவில் ஊதுவதும் இழுப்பதும் மாறி மாறி வருவதால் இரண்டு தகட்டிலும் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்று இருக்கும். பழுது வெளியே தெரியும் நாக்கில் மட்டும் என்றால் தகட்டைக் கழற்றாமலே துப்புரவாக்கிவிட்டு மூடலாம்.

தகட்டையும் கழற்ற வேண்டுமென்றால் ஸ்குரூக்களை நடுவில் இருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். எடுத்த வரிசையிலேயே அவற்றைத் துணியில் அடுக்குங்கள். நீளம் வித்தியாசமாக இருக்கலாம்.

ஸ்குரூ இல்லாமல் ஆணி அடித்தவையும் உண்டு. மலிவான ட்ரெமலோக்களில் பல அப்படி. ஜெர்மனியின் ட்ரொஸிங்கனில் 1857 இல் தொடங்கிய ஹோனர் நிறுவனம் 1896 இல் கொண்டுவந்த மரைன் பாண்ட் இன்றும் பேரிக்காய் மரச் சீப்பில் ஆணி அடித்துத்தான் வருகிறது. அதே நிறுவனத்தின் ஸ்பெஷல் 20 பிளாஸ்ரிக் சீப்பு, ஸ்குரூ. ஆணி வகையில் மூடியை மட்டும் மொட்டைக் கத்தியால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பி எடுங்கள். தகட்டை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மரத்தில் ஆணித்துளை ஒருக்கால் இளகினால் திரும்பவும் காற்று ஒழுகாமல் இறுக்குவது கஷ்டம்.

இனிச் சீப்பு. பிளாஸ்ரிக் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, அறைகளின் மூலைகளை ஈர்க்கால் சுரண்டுங்கள். ஈர்க்கு பிளாஸ்ரிக்கைக் கீறாது, பல்லுக்குத்தியைப் போல் உள்ளே முறிந்து நிற்கவும் மாட்டாது. மரச் சீப்பைத் தண்ணீரில் போடவே கூடாது. மரம் ஊதிப் பற்கள் வெளியே தள்ளும், காய்ந்ததும் வெடிக்கும். வாசிக்கும்போது உதட்டை வெட்டும். பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். சீப்பில் வார்னிஷ் இருந்தால் ஸ்பிரிட்டும் படக் கூடாது.

பித்தளைத் தகடுகளை, ஒரு துளி திரவம் விட்ட இளஞ்சூட்டு மென்னீரில் (மேலே சொன்ன கல் குறைந்த தண்ணீர்) பத்து நிமிடம் ஊறப் போடுங்கள். கொதிநீர் வேண்டாம். பிறகு பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். கூடுதலான வாத்தியங்கள் சாவது இந்த இடத்தில்தான், ஆகவே ஆறுதலாகப் படியுங்கள். தூரிகை எப்போதும் ரிவெற் இருக்கும் பக்கத்தில் தொடங்கி நாக்கின் நுனியை நோக்கிப் போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் நாக்கு பக்கவாட்டில் விலகி வெட்டின் விளிம்பில் முட்டும். நுனியில் இருந்து ரிவெற்றை நோக்கித் தேய்த்தால் தூரிகை மயிர் நுனிக்குக் கீழே கொளுவி நாக்கை மேலே மடக்கிவிடும். பூனையைத் தடவுவது போல, ஒரே திசையில், பாரமில்லாமல்.

அழுக்கு போனதும் மென்னீரில் அலசி, தகட்டின் மேல் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி வடியவிடுங்கள். அது மிச்ச நீரை இழுத்துக்கொண்டு விரைவாகக் காயும். அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. துணியால் துடைக்காதீர்கள், நூல் சிக்கும். தகட்டைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்துத் தானாகக் காயவிடுங்கள்.

காய்ந்த தகட்டை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒவ்வொரு நாக்கின் இரண்டு பக்கமும் மயிரிழையளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் நாக்கு சரிந்திருக்கிறது. ரிவெற் ஓரத்தில் விரல் நகத்தால் மிக மெதுவாக மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். பிறகு ஈர்க்கின் நுனியால் நாக்கின் நுனியை இலேசாக மீட்டுங்கள். சுத்தமான நாக்கு 'டிங்' என்று நின்று ஒலிக்கும். 'டிக்' என்று உடனே செத்தால் இன்னும் எதிலோ முட்டுகிறது.

பூட்டும்போது படத்தைப் பார்த்து அதே வரிசையில் வையுங்கள். எல்லா ஸ்குரூவையும் முதலில் அரைவாசி இறுக்கி, பிறகு நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி முழுதாக இறுக்குங்கள். இனிப் போகாது என்று கை உணர்ந்தவுடன் நிறுத்த வேண்டும். பிளாஸ்ரிக் மரை ஒரு தரம் போனால் போனதுதான். மூடியைப் போட முதல் ஒவ்வொரு துளையையும் ஊதி, இழுத்துச் சரிபாருங்கள்.

ஒரு சுரம் மட்டும் அடம்பிடித்தால்

கரகரவென்று ஒலித்தால் பஞ்சு, மயிர், அல்லது சரிந்த நாக்கு. மேலே சொன்ன வெளிச்சப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். ஒரு துண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தாளை நாக்கின் ஓரமாக ஓட்டினால் சிக்கியது வெளியே வரும்.

ட்ரெமலோவில் ஒரு நாக்கு நின்றால் சுரம் முழுதாக நிற்காது. அலை இல்லாமல் தட்டையாய், மெலிந்து ஒலிக்கும். எந்த வரிசையில் பழுது என்று அறிய, கீழ்வரிசைத் துளைகளை ஒட்டும் நாடாவால் மூடி ஊதுங்கள், பிறகு மேல்வரிசையை மூடி ஊதுங்கள். இரண்டு நிமிட வேலை, தேவையில்லாமல் எல்லாவற்றையும் கழற்றுவதை மிச்சம் பிடிக்கும்.

பத்துத் துளை புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வது, "இரண்டாம் துளை இழுத்தால் வருதில்லை" என்று. அது அனேகமாக அழுக்கு அல்ல. அளவுக்கு மிஞ்சி இழுப்பதும் தொண்டை இறுகுவதும்தான். மூக்கால் மூச்செடுப்பது போல இளகி இழுத்துப் பாருங்கள். வந்தால் வாத்தியத்தைத் திறக்க வேண்டாம்.

நிறையக் காற்று ஊதினால்தான் சத்தம் வருகிறது என்றால் நாக்கின் நுனி தகட்டில் இருந்து கூட உயர்ந்து நிற்கிறது. மெதுவாக ஊதினால் வந்து, பலமாக ஊதினால் அடைத்தால் நுனி கூடப் பதிந்திருக்கிறது. பக்கவாட்டில் கண்ணை வைத்து, நன்றாக ஒலிக்கும் பக்கத்து நாக்கோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்த சுரங்களுக்கு ஏறத்தாழ மூன்று கடதாசித் தடிப்பு, மிக உயர்ந்த சுரங்களுக்கு ஒரு கடதாசித் தடிப்பு வெளி இருக்கும். கூட உயர்ந்ததை ஈர்க்கால் வெட்டுக்குள் கொஞ்சம் அழுத்தி விடுங்கள். பதிந்ததை அடியில் மெல்லிய தகடு கொடுத்து உயர்த்துங்கள். ஒரு தரம் அழுத்தி, ஊதிப் பார்த்து, தேவையானால் திரும்ப அழுத்துங்கள்.

சுருதி இறங்கியிருந்தால் முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள். நுனியில் படிந்த அழுக்கு நாக்கைப் பாரமாக்கிச் சுருதியை இறக்கும், கழுவினால் ஏறும். கழுவிய பிறகும் இறங்கியே இருந்தால் போனில் ஒரு சுருதிமானிச் செயலியைப் போட்டு எவ்வளவு என்று பாருங்கள். சின்ன வித்தியாசத்தைச் சுரண்டிச் சரி செய்யலாம். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் மிக மெல்லிய 0.05 மில்லிமீற்றர் தகட்டை நாக்கின் கீழே கொடுங்கள். சுருதியை ஏற்ற நுனிப் பக்கம் சுரண்ட வேண்டும், இறக்க ரிவெற் பக்கம் சுரண்ட வேண்டும். ஊசி முனையால் நீளவாக்கில் இரண்டு மூன்று கீறல், பிறகு பரிசோதனை. எடுத்த பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. ட்ரெமலோவில் ஒரு சுரத்தின் இரண்டு நாக்கையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள், அலை செத்துவிடும்.

நேற்று நன்றாக இருந்த சுரம் இன்று திடீரென்று அரைச் சுரத்துக்குக் கிட்ட இறங்கினால் அது வேறு கதை. ரிவெற்றுக்குக் கிட்ட நாக்கில் வெடிப்பு விழுந்திருக்கிறது, கொஞ்ச நாளில் முறியும். பலமாக இழுத்து வாசிப்பவர்களுக்கு நான்காம், ஐந்தாம் துளைகளில் இது முதலில் வரும். அதைச் சுரண்டி மினக்கெட வேண்டாம். அதே மாதிரி, அதே சுருதி உள்ள இன்னொரு வாத்தியத்தின் தகட்டை மாற்றுவதுதான் வழி.

குரோமற்றிக் பற்றிச் சுருக்கமாக. அதை ஒருபோதும் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தடுக்கிதழ்கள் கழன்றுவிடும். வாய்ப்பகுதியையும் அழுத்தும் தகட்டையும் மட்டும் கழற்றிக் கழுவி, காயவைத்துப் பூட்டுங்கள். பெரும்பாலும் ஒட்டிக்கொள்வது அந்தத் தகடுதான்.

எங்கே வைப்பது

மோட்டார் சைக்கிள் சீற்றின் கீழும் ஓட்டோவின் கண்ணாடிக்கு முன்னாலும் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் பிளாஸ்ரிக் சீப்பு முறுகும். முல்லைத்தீவுக் கடற்கரையில் வாசித்துவிட்டு வந்தால் அன்றிரவே துடையுங்கள், உப்புக் காற்று களிம்பை விரைவாகக் கொண்டுவரும். பச்சைக் களிம்பு பிடித்ததை வாயில் வைக்கவே கூடாது, அது நஞ்சு.

துளைகள் திறந்தபடி மேசையில் விட்டால் குளவி கூடு வைக்கும், மரச் சீப்பு என்றால் கரையானும் வரும். பெட்டிக்குள் போட்டு, இறுக்கமான மூடி உள்ள ரின்னில் வைப்பதே நல்லது. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதியை எறியாமல் உள்ளே போடுங்கள். பூச்சி உருண்டை மட்டும் வேண்டாம். அந்த நஞ்சு மணம் துளைகளில் ஏறி, ஊதும்போது நேரே நெஞ்சுக்குள் போகும். பூச்சிக்குப் பயம் என்றால் காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டி, ரின்னுக்குள்ளே ஆனால் வாத்தியப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

ஒருவர் வாசித்ததை இன்னொருவர் வாங்கி வாசிப்பது எங்களுக்குள் சாதாரணம். கொடுக்க முதல், வார்னிஷ் பூசாத சீப்பு என்றால், வாய்ப்பக்கத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அது முழுதாக ஆவியாகும் வரை பொறுங்கள். காய்ச்சல், தடிமன் வந்து மாறிய பிறகும் ஒருக்கால் திறந்து கழுவுங்கள்.

நாக்கு முறிந்த அந்த ஆறாவது வாத்தியத்தையும் நான் எறியவில்லை. அதில் முறிந்தது ஒன்று, மிச்சம் 47 நாக்குகள் நல்லவை. போன மாரியில் அதன் கீழ்த்தகட்டைக் கழற்றி, அதே மாதிரியான இன்னொன்றுக்குப் போட்டேன். ஸ்குரூக்களும் மூடிகளும் இன்னும் ரின்னுக்குள் இருக்கின்றன.